அன்புச்செல்வனுக்கு வந்த வேலை

நாகப்பட்டினத்தில் கப்பலைவிட்டு இறங்கிய பிறகும் எனக்கு நிலம் ஆடிக்கொண்டேதான் இருந்தது. காங்கேசன்துறையில் ஏறியதிலிருந்து பக்கத்து இருக்கைப் பருத்தித்துறைப் பெண் ஒரு எலுமிச்சையை, எங்கள் பேச்சில் தேசிக்காயை, என் கையில் திணித்து, "இதை மணந்துகொண்டு வாங்கோ, சத்தி வராது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று தரம் வாந்தி வந்தது. மூன்றாவது தரம் தேசிக்காயும் கடலோடு போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில் வழிகாட்டல் பிரிவைப் பார்ப்பவள் நான். படித்து முடிக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு இணையப் பக்கம் உருவாக்கி, தாங்கள் உண்மையாகச் செய்த வேலைகளை அதில் வைத்து, அதைக் காட்டி வேலை தேடப் பழக்குவது எங்கள் முறை. இதைப் பற்றி இணையவழிக் கூட்டமொன்றில் நான் பேசியதைக் கேட்டு, காரைக்காலில் ஒரு கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் ஜோஸ்பின் எழுதினார்: "எங்கள் பிள்ளைகளுக்கும் ஐந்து நாள் வந்து சொல்லித்தர முடியுமா?" கடலுக்கு அந்தப் பக்கம்தானே என்று சம்மதித்துவிட்டேன்.

நாகப்பட்டினத்தில் பேருந்தில் ஏறிய உடனே தூங்கிப்போனேன். நாகூரைத் தாண்டினால் புதுச்சேரி மாநிலம். காரைக்காலைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. தூங்கியவளுக்கு இரண்டு எல்லையும் தெரியவில்லை. கண் விழித்தபோது தரங்கம்பாடி.

"டிக்கெட்டு காரைக்காலுக்குத்தான குடுத்தேன்? எறங்கிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் நடத்துநர். பிறகு எதிரே வந்த பேருந்தைக் கைகாட்டி நிறுத்தி, அந்த நடத்துநரிடம் என்னை ஒப்படைத்தார். "சிலோன்காரம்மா. தூங்கிட்டாங்க. பாத்து எறக்கிவிடு."

அந்தப் பேருந்தில் எல்லோருக்கும் என்னைப் பற்றித் தெரிந்துவிட்டது. ஒரு அம்மாள் எனக்கு இடம் விட்டு, நான் கண்ணை மூடும்போதெல்லாம் தோளில் தட்டினார். "சிலோனம்மா, காரைக்கால் வந்துட்டு" என்று நடத்துநர் கூவியபோது ஆறேழு பேர் திரும்பி, நான் இறங்கிவிட்டேனா என்று பார்த்தார்கள்.

ஜோஸ்பின் தன் ஸ்கூட்டரோடு நிலையத்தில் காத்திருந்தார். நாற்பதைத் தொடாத, மெலிந்த, வேகமாகப் பேசுகிற பெண். என் பெட்டியைக் காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, என்னைப் பின்னால் ஏற்றிக் கோவில்பத்தில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். வழியில், "ஒங்க பயிலரங்குக்கு லேப் வேணும்னு நேத்திக்கி ஹெச்.ஓ.டி.கிட்ட பேசிட்டேன் மேடம்" என்றார். எங்கள் ஊரில் ஒருவருக்குப் பேசுவது என்றால் ஏசுவது. என்னால் இந்தப் பெண்ணுக்கு முதல் நாளே ஒரு சண்டையா என்று கலங்கிவிட்டேன். "பாவம், ஏன் பேசினனீங்கள்?" என்றேன். ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிறுத்தி, இரண்டு பேரும் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாங்கள் கதைக்கிறோம், அவர்கள் பேசுகிறார்கள். அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவில்லை.

வீட்டில் அவருடைய மாமனார் என்னைப் பார்த்து "போன்ழூர் மதாம்" என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இங்கே அவர்களைச் சொல்தா என்கிறார்கள். காலையில் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவார், மத்தியானம் வஞ்சிரம் மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார், இரண்டையும் ஒரே மதிப்போடு. அந்தக் குழம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குழம்பில் தேங்காய்ப்பால் வந்து உறைப்பைச் சமாதானப்படுத்தும். இங்கே புளியும் மிளகாயும் நேருக்கு நேர் நிற்கின்றன. கப்பலில் பட்ட பாட்டுக்கு அதுவே மருந்தாக இருந்தது.

மறுநாள் காலை வகுப்பு. முப்பத்தெட்டு பேர், எல்லோரும் மூன்றாம் ஆண்டு வணிகவியலும் கணினிப் பயன்பாடும். பிந்தி வந்த ஒரு பையன் வாசலில் தயங்கி நின்றான். "பரவாயில்லை, ஆறுதலா வாரும்" என்றேன். மெதுவாக வா என்று பொருள். அவன் முகம் மாறியது. "எங்க வீட்டுல ஒண்ணும் துக்கம் இல்லிங்க மேடம், பஸ்சுதான் லேட்டு" என்றான். வகுப்பு சிரித்தது. அவன்தான் அன்புச்செல்வன். கருக்களாச்சேரியிலிருந்து வருகிறவன்.

கல்லூரியின் வேலைவாய்ப்புத் தளத்தில் இவர்கள் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த தன்விவரங்களை முந்தின நாளே படித்திருந்தேன். முப்பத்தெட்டும் ஒன்றே. என் பலம்: குழுவாக இயங்குதல். பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்டல். செய்த திட்டப்பணி: நூலக மேலாண்மை. பெயரை மறைத்துவிட்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். எங்கள் பட்டதாரிகள் அரச வேலை கேட்டுக் கச்சேரி என்கிற மாவட்டச் செயலக வாசலில் பந்தல் போட்டு உட்காருவார்கள். இவர்கள் தளத்தில் ஒரு கோப்பை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். காத்திருப்பு ஒன்றுதான்.

"இதை எல்லாம் விடுங்கோ. நீங்கள் உண்மையில என்ன செய்யிறனீங்கள், அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். ஒரு பெண், சொந்தக்காரர் கல்யாண வீடியோவெல்லாம் தான்தான் வெட்டி ஒட்டுவதாகச் சொன்னாள். அன்புச்செல்வன், எந்தப் படகு கடலில் இருக்கிறது, எது என்றைக்குத் திரும்பும், யாருக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும் என்று தன் ஊர்ப் படகுகளுக்காக இணையத்தில் ஒரு அட்டவணை வைத்திருப்பதைச் சொன்னான். "அது சும்மா வெளையாட்டுக்குப் பண்ணதுங்க மேடம்." அந்த அட்டவணையைத் திரையில் காட்டச் சொன்னேன். விளையாட்டாக இல்லை. ஒரு நிறுவனத்தின் களஞ்சியப் பதிவேடு போல இருந்தது.

கடைசி வரிசையில் ஹலீமா என்றொரு பெண் இருந்தாள். "நா ஒண்ணும் செய்யல மேடம். எங்க மாமா நெட் சென்டர் வச்சிருக்காங்க. சாயந்தரம் போயி ஃபாரம் ஃபில்அப் பண்ணுவேன். பாஸ்போர்ட்டு, விசா, ஃபிரான்ஸ் பென்ஷன்காரங்களுக்கு ஹயாத்தா, உசுரோட இருக்காங்கன்னு வருசா வருசம் அனுப்புற சர்டிபிகேட்டு. அவ்வளவுதான்" என்றாள். "அதையே எழுதும், பிள்ளை" என்றேன். நான் கேலி செய்வதாக நினைத்துச் சிரித்தாள்.

அன்று மாலைக்குள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம் உருவாகிவிட்டது. பக்கத்தின் உச்சியில் பெயருக்குக் கீழே கைத்தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். வேலை கொடுப்பவருக்கு நேரமில்லை, தேட வைக்கக்கூடாது என்பது நான் பல வருடமாகச் சொல்லிவருவது.

"நம்பர் கட்டாயம் போடணுமா மேடம்?" என்று ஹலீமா கேட்டாள்.

"ஓம் பிள்ளை, கட்டாயம்."

அவள் போட்டாள். எல்லோரும் போட்டார்கள்.

வகுப்பு முடிந்து ஜோஸ்பின் என்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள். சுடச்சுட இறால் வாடா வாங்கித் தந்தார். வடைக்குத் தம்பி முறை. மேலே ஒரு இறால் பதிந்திருக்கும். எங்கள் பருத்தித்துறைத் தட்டைவடையை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஆனாலும் நாலு சாப்பிட்டேன். "எங்க தெருவுல ஃபிரான்சுல ஆளு இல்லாத வீடு எதுன்னு யோசிக்கணும் மேடம்" என்றார் ஜோஸ்பின். "எங்க வீட்டுக்காரரோட அண்ணன், தங்கச்சி எல்லாம் அங்கதான். இங்க வேலைன்னா, பசங்க மொதல்ல கடலப் பாப்பாங்க." எங்கள் ஊரும் அப்படித்தான் என்றேன். என் தம்பி ஒரு முகவரை நம்பிப் போய், எட்டு மாதம் எந்த நாட்டில் இருக்கிறான் என்றே தெரியாமல் இருந்த கதையைச் சொன்னேன். கடைசியில் கனடா போய்ச் சேர்ந்தான். சேர்ந்ததால்தான் அதைக் கதையாகச் சொல்ல முடிகிறது.

மூன்றாம் நாள் அன்புச்செல்வன் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றான். கையில் ஒரு பெட்டி லட்டு.

"வேலை கெடச்சிடுச்சு மேடம்."

முந்தின நாள் மாலையே வாட்ஸப்பில் செய்தி வந்திருக்கிறது. அவனுடைய பக்கத்தைப் பார்த்தார்களாம். தென்கிழக்காசிய நாடொன்றில் கணினிப் பதிவு வேலை. தங்குமிடமும் சாப்பாடும் அவர்களுடையது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து விமானம்; சீட்டை அவர்களே எடுத்து அனுப்பிவிட்டார்கள். கடலில் இருந்த அப்பாவுக்கும் வயர்லெஸ்ஸில் செய்தி சொல்லியாகிவிட்டது. "அப்பா, 'இனிமே நீ வலையத் தொட வேணாம்'னாங்க."

நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கக்கூடாது. ஒரே நாளில் என் முறைக்குப் பலன். முதல்வர் வந்தார், அவனையும் என்னையும் சேர்த்துப் படம் எடுத்தார்கள், அரை மணி நேரத்தில் அது கல்லூரியின் இணையத்தளத்தில் இருந்தது. படத்தில் நான் என் பிள்ளைக்கே வேலை கிடைத்தது போலச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

தேத்தண்ணி இடைவேளையில் ஹலீமா வந்தாள். லட்டு அவள் கையில் கடிபடாமல் இருந்தது.

"மேடம், ஒண்ணு சொல்லணும். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. அன்பு எனக்கு அந்த டிக்கெட்டயும் லெட்டரயும் காமிச்சான். அதுல டூரிஸ்ட் விசான்னு போட்டிருக்கு. வேலைக்குப் போறவங்களுக்கு அப்படிப் போடமாட்டாங்க. வேலை ஒரு நாட்டுல, டிக்கெட்டு வேற நாட்டுக்கு. அங்கேருந்து கார்ல கூட்டிட்டுப் போவோம்னு எழுதியிருக்கு."

ஆய்வுக்கூடத்தில் ஒரு கணினி முன் உட்கார்ந்தோம். அவள் அந்த நிறுவனத்தின் தளத்தைத் திறந்தாள். மினுக்கமான தளம். அந்தப் பெயர் எப்போது பதிவானது என்று தேடினாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை. "இருபது வருட அனுபவம்" என்று முகப்பில் எழுதியிருந்தது. அலுவலகப் படத்தை எடுத்துத் தேடுபொறியில் போட்டாள். அதே மேசை, அதே கண்ணாடிச் சுவர், வேறு பெயரில் வேறொரு கண்டத்தில் இருந்த வங்கி. இதையெல்லாம் பத்து நிமிடத்துக்குள் செய்தாள். நான் பாடம் நடத்த வந்தவள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கட பக்கங்களை அவை எப்பிடிக் கண்டுபிடிச்சவை?" என்று கேட்டேன்.

"நம்பர் இருக்குல்ல மேடம். அப்படி இருக்கற பக்கத்தயெல்லாம் பொறுக்கி எடுப்பாங்க. இன்னும் ஆறு பேருக்கு மெசேஜ் வந்திருக்கு. அன்புதான் மொதல்ல பதில் போட்டான்."

ஜோஸ்பினைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் எழுந்து முதல்வர் அறைக்குப் போனார். திரும்பி வர நீண்ட நேரமாயிற்று. கண் சிவந்திருந்தது. "உறுதியாத் தெரியாம அந்தப் போட்டோவ எப்படி எடுக்கறதுங்கறாரு. நான்தான் அவசரப்பட்டேனாம்" என்றார். "பரவாயில்ல. நாளைக்கும் போயி நிப்பேன்." அவர் தற்காலிக ஊழியர் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

அன்புச்செல்வனை அழைத்து, மூன்று பேருமாகச் சொன்னோம். அவன் திரையைப் பார்க்கவே இல்லை. ஹலீமாவைப் பார்த்தான். "ஒனக்குக் கெடைக்கலன்னுதான இப்படிச் சொல்ற?" பிறகு என்னைப் பார்த்தான். "நீங்கதான மேடம் நம்பர் போடச் சொன்னீங்க? வேலை வரும்னு சொன்னீங்க. வந்துச்சு. இப்ப வேணாம்ங்கறீங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாலாம் நாள் அவன் வகுப்புக்கு வரவில்லை. தொலைபேசியை எடுக்கவும் இல்லை. காலைப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு ஜோஸ்பினும் நானும் கருக்களாச்சேரிக்குப் புறப்பட்டோம். ஹலீமா தன் மாமாவின் வண்டியில் முன்னால் போனாள். பாதி வழியில் எங்கள் ஸ்கூட்டரின் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. உச்சி வெயில். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனபோது ஐஸ் பெட்டிகள் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று நின்றது. "கருக்களாச்சேரிதான? மேல ஏறிக்குங்க. வண்டிய இங்கயே விடுங்க, நம்ம பயதான் பஞ்சர் கட வச்சிருக்கான்" என்றார் ஓட்டுநர். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து போனேன். யாருடைய பயலோ, எந்தப் பஞ்சர்க் கடையோ, ஜோஸ்பின் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கடற்கரை ஊர்களில் நம்பிக்கை இப்படித்தான் சுலபமாக நடக்கிறது. எங்கள் வல்வெட்டித்துறையிலும் இப்படித்தான். அதையேதான் ஏமாற்றுகிறவனும் பயன்படுத்துகிறான் என்று ஐஸ் மேல் உட்கார்ந்து யோசித்தேன்.

நான் இறங்கியபோது சேலையின் பின்புறம் முழுக்க நனைந்திருந்தது. அன்புவின் அம்மா அஞ்சம்மாள் வாசலிலேயே அதைக் கவனித்து, ஒரு துண்டை எடுத்துவந்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். "மகனுக்கு வேலை வாங்கிக் குடுத்த டீச்சரா? வாங்கம்மா, உக்காருங்க. சாப்புட்டுத்தான் பேசணும்."

அந்த வார்த்தைக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம் என்றேன். ஆனால் அவர் விடவில்லை. பொரித்த சங்கரா மீனும் சோறும் ரசமும். பிள்ளையைச் சமாதானப்படுத்துவது போல எனக்கு முள் எடுத்து வைத்தார். அன்பு உள்ளறைச் சுவரில் சாய்ந்து எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு புதிய பயணப் பை.

கையைக் கழுவிவிட்டு நான் சொன்னேன். என் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஜோஸ்பினிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, நான் வேலை வாங்கிக் குடுக்கேல்லை. பிழை விட்டுட்டன். உங்கட மகன்ர நம்பரை ஊரெல்லாம் தெரியப் போடச் சொன்னது நான். அதைப் பாத்துக் கள்ள ஆக்கள் வந்திருக்கினம் எண்டு நினைக்கிறம்."

அஞ்சம்மாள் என் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கிக்கொண்டார். ஹலீமா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு மறுபடி சொன்னாள், விசா என்ன, சீட்டு என்ன, கார் என்ன என்று.

"நீ என்னப்பா சொல்ற?" என்று மகனைக் கேட்டார்.

"எல்லாரும் அப்படித்தான் போறாங்கம்மா."

"அத்தை, ஒண்ணே ஒண்ணு செய்வோம்" என்றாள் ஹலீமா. "அன்பே போன் பண்ணட்டும். நாம யாரும் பேசவேணாம். ஆபீஸ ஒரு தடவ வீடியோல காட்டச் சொல்லட்டும். காட்டிட்டாங்கன்னா நானே சென்னை ஏர்போர்ட்டு வரைக்கும் வந்து வழியனுப்புறேன்."

அன்பு எழுந்து வந்து போனை ஸ்பீக்கரில் வைத்து எண்ணை அழுத்தினான். செய்திகளில் அந்த ஆள் ராபர்ட் என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். எடுத்த குரல் தமிழில் பேசியது. இளம் குரல்.

"விசாவுக்குப் பாஸ்போர்ட் காப்பி இன்னும் வரலியே அன்பு."

"அனுப்புறேன் சார். சார், இது டூரிஸ்ட் விசாவா?"

"இங்க வந்து மாத்திக்கலாம். எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஆபீஸ ஒருவாட்டி வீடியோல காட்டுறீங்களா சார்? அம்மா பாக்கணுங்கறாங்க."

பின்னால் நிறைய விசைப்பலகைகள் தட்டப்படும் ஒலி. "விருப்பம் இருந்தா வா. இல்லன்னா சொல்லிடு, லிஸ்ட்ல ஆளு நெறய இருக்கு."

அஞ்சம்மாள் கையை நீட்டிப் போனை வாங்கினார். அது எங்கள் திட்டத்தில் இல்லை.

"தம்பி, நா அன்பு அம்மா பேசுறேன்."

"சொல்லுங்கம்மா." குரல் தானாகவே தணிந்தது.

"நீ எந்த ஊருப்பா?"

"மன்னார்குடி பக்கம்மா."

"நம்ம பக்கந்தான். எவ்வளவு நாளாச்சுப்பா போயி?"

"ஏழு மாசம்."

"படிச்சிருக்கியா?"

"பி.காம்."

"எம்மவனும் அதான். ஊருக்கு வந்துட்டுப் போனியா நடுவுல?"

பேச்சில்லை.

"வேளாவேளைக்குச் சோறு போடுறாங்களாப்பா?"

தூரத்தில் யாரோ வேறு மொழியில் அதட்டும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு வந்த குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"அம்மா, அவர அனுப்பாதீங்க."

இணைப்பு அறுந்தது.

அஞ்சம்மாள் போனைக் காதோடு வைத்தபடியே இருந்தார். "தம்பி, தம்பி" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். அன்பு எழுந்து கொல்லைப்பக்கம் போனான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தவன் முதலில் ஹலீமாவின் முன்னால் நின்றான். "நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"சரி விடு."

"மேடம், நம்பர எடுக்கணும். எல்லாரோடதயும். இப்பவே."

அங்கேயே உட்கார்ந்து வகுப்புக் குழுவுக்குச் செய்தி அனுப்பினான். அனுப்பியும் எடுக்காதவர்களை ஒவ்வொருவராக அழைத்தான். நாங்கள் புறப்படுவதற்குள் முப்பத்தெட்டுப் பக்கத்திலிருந்தும் எண் போய்விட்டது. ஸ்கூட்டர், பஞ்சர் ஒட்டிக் காற்றடித்து, ஓட்டுநர் சொன்ன கடை வாசலில் எங்களுக்காக நின்றது.

ஐந்தாம் நாள், வகுப்பைத் தொடங்கும்போதே நான் எங்கே பிழை விட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன். எங்கள் ஊரில் விரிவுரையாளர்கள் அப்படிச் செய்வது வழக்கமில்லை. இங்கேயும் இல்லை என்று பிள்ளைகளின் முகத்தில் தெரிந்தது. எண்ணுக்குப் பதிலாக, தொடர்பு கொள்கிறவர் யார், எந்த நிறுவனம், என்ன வேலை என்று எழுதிய பிறகே மின்னஞ்சல் போகிற படிவம் ஒன்றை எல்லோருடைய பக்கத்திலும் வைத்தோம். பிறகு நான் ஒதுங்கிக்கொண்டேன். பலகையின் முன் ஹலீமா நின்றாள். வேலைக் கடிதம் வந்தால் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அன்பு தட்டச்சு செய்தான். வகுப்பே சேர்ந்து அதைத் தமிழில் ஒரு பொதுப் பக்கமாக ஆக்கியது. பத்து மணிவாக்கில் முதல்வர் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். எழுந்து போகும்போது ஜோஸ்பினிடம், "அந்தப் போட்டோவ எடுத்துருங்க" என்றார். ஜோஸ்பின், "நேத்தே எடுத்துட்டேன் சார்" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு ஹலீமா அவ்வப்போது எழுதுகிறாள். அன்புவுக்கு இறால் ஏற்றுமதி செய்யும் குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பதிவு வேலை. நேர்முகத்தில் படகு அட்டவணையைத்தான் காட்டினானாம். அவளைப் புதுச்சேரியில் ஒரு பயண அலுவலகம் கூப்பிட்டிருக்கிறது. வாப்பா இன்னும் யோசிக்கிறார். அவளுடைய பக்கத்தில் இப்போது முதல் வரி, தான் நிரப்பிய படிவங்களின் பட்டியல்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது அந்த ஐந்தாம் நாள் மத்தியானத்தை. நாகப்பட்டினம் பேருந்துக்கு நேரம் இருந்தது. போகிற வழியில் ஹலீமாவின் மாமா கடையில் இறங்கினோம். நான்கு கணினி, ஒரு நகல் எடுக்கும் இயந்திரம், சுவரெல்லாம் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். அஞ்சம்மாள் அங்கே வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை கட்டி, தலை வாரி. அன்பு பக்கத்தில் நின்றான்.

முந்தின நாள் மாலையிலிருந்து பலமுறை அந்தப் பையனின் எண்ணுக்கு அழைத்துப் பார்த்திருக்கிறார். ஒருமுறையும் மணி அடிக்கவில்லை. "அந்தப் புள்ளைக்கு ஒரு பெத்தவ இருப்பால்ல. அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. எழுதிப் போட வழி இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லிச்சு" என்றார்.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காக அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பும் இணையப் படிவத்தை ஹலீமா திறந்தாள். பாதிக்கப்பட்டவர் பெயர்: தெரியாது. பாஸ்போர்ட் எண்: தெரியாது. சொந்த ஊர்: மன்னார்குடி அருகே. படிப்பு: பி.காம். போய் எத்தனை நாள்: ஏழு மாதம். தொடர்பு எண்ணை அன்பு வாசித்தான். அதற்கு அடுத்த கட்டத்தில் அவள் விரல் நின்றது.

"அத்தை, நீங்க அவருக்கு என்ன உறவுன்னு கேக்குது."

"அம்மான்னு போடேன்."

"பொய்யாப் போடக்கூடாது அத்தை. அப்புறம் அந்தக் காரணத்துக்கே தள்ளிடுவாங்க."

அவள் பட்டியலைத் திறந்து காட்டினாள். தந்தை, தாய், துணைவர், உடன்பிறந்தவர், மற்றவர். மற்றவரைத் தேர்ந்ததும் கீழே ஒரு சிறிய கட்டம் திறந்தது. விவரம் எழுதுக.

அஞ்சம்மாள் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரிந்தவரா என்று நான் கேட்கவில்லை.

"என்னைய அம்மான்னு கூப்புட்டுச்சு" என்றார். "அத எழுது."

ஹலீமா அதை அப்படியே எழுதினாள். ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, அனுப்பினாள்.